கடைமடைக் கடற்கரை

நுழையும்முன்

ஆற்றுநீர் கடைமடையை எப்போது எட்டும் எனக் காத்திருப்பது காவிரிப் படுகை உழவரின் வாழ்க்கை. அதே ஆற்றில் எறியப்படும் குப்பையோ எவரும் அழைக்காமலே கடைமடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு பணியிடத்தைச் சேர்ந்தவர்கள் விடுமுறை நாளில் ஒன்றுகூடிக் கடற்கரையைத் தூய்மை செய்கின்றனர். அவர்கள் குனிந்து எடுப்பது யாருடைய குப்பை? அந்த ஒருநாள் உழைப்பு நிலைத்த பயன் தருவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

காவிரி கொண்டு சேர்ப்பவை

குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் வங்கக் கடலைச் சேர்கிறது. முக்கொம்பில் கொள்ளிடமும் கல்லணையில் வெண்ணாறும் பிரிந்துவிட, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எனக் கிளைவிட்டுக்கொண்டே காவிரி கிழக்கு நோக்கிச் செல்கிறது. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களைக் கடந்து பூம்புகாரை நெருங்கும்போது அது ஒரு வாய்க்காலைப் போல் ஒடுங்கிவிடுகிறது. அங்கே மேலையூரில் உள்ள கதவணையே அதன் கடைசிக் கதவணை. அதற்கப்பால் கடல்.

சங்ககாலத்தில் புகார் எனவும் காவிரிப்பூம்பட்டினம் எனவும் வழங்கிய துறைமுகம் இங்கேதான் இருந்தது. கடல் கடந்து வந்த குதிரைகளும், பொன்னும் மணியும், மிளகு மூட்டைகளும் அதன் தெருக்களில் நிறைந்திருந்ததைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை விரிவாகக் காட்டுகிறது. கரையில் இறங்கிய பண்டங்களுக்குச் சுங்க அலுவலர்கள் சோழரின் புலிச்சின்னம் பொறித்துக் காவல்காத்த செய்தியும் அந்நூலில் உண்டு. கரைக்கு வந்த பொருள் எதுவாயினும் அதற்குக் கணக்கு இருந்தது.

இன்று அதே கரையில் வந்து குவிவன வேறு பொருள்கள். தண்ணீர்ப் புட்டிகள், தின்பண்ட உறைகள், தேநீர்க் குவளைகள், ஒற்றைச் செருப்புகள், அறுந்த வலைத்துண்டுகள், தெர்மாகோல் சில்லுகள், மதுப்புட்டிகள் எனப் பட்டியல் நீள்கிறது. சுற்றுலா வருவோர் விட்டுச் செல்வன ஒருபகுதி. மீன்பிடித் தொழிலில் கழிவனவாக எஞ்சுவன ஒருபகுதி. ஆறும் வாய்க்காலும் வடிகாலும் உள்நாட்டிலிருந்து சுமந்து வருவன மற்றொரு பகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தில் சிதறிக் கிடக்கும் குப்பையை வெள்ளம் வாரிக்கொண்டு கடல்முகத்துக்கு வருகிறது. அலை அதில் ஒரு பங்கை மீண்டும் கரையிலேயே ஒதுக்குகிறது.

காவிரிக் கரையின் வழிபாட்டு மரபுகளும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கன. ஆடிப்பெருக்கன்று பெண்கள் காவிரித்தாய்க்குக் காதோலை கருகமணியும் பூவும் காப்பரிசியும் படைக்கின்றனர். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசி மாதம் முழுவதும் நீராடுகின்றனர். ஆடி, தை மாத அமாவாசை நாள்களில் பூம்புகார்ச் சங்கமத்தில் முன்னோரை வழிபடுகின்றனர். பனையோலையாலான காதோலையும் பூவும் நீரில் கலந்து மட்கிவிடும். அவற்றைச் சுற்றிவந்த நெகிழிப் பை மட்குவதில்லை. நீராடியபின் உடுத்திய துணியை நீரில் விட்டுச் செல்லும் வழக்கம் பருத்தித் துணிக் காலத்தில் உண்டானது; இன்றைய பாலியெஸ்டர் கலந்த துணி ஆண்டுக்கணக்கில் படித்துறையிலும் முகத்துவாரத்திலும் கிடக்கும். மரபு மாறவில்லை, பொருள்தான் மாறிவிட்டது. அம்மாற்றத்தைக் கடைமடைக் கரை தாங்கி நிற்கிறது.

மணலில் மறையும் கேடு

2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது மயிலாடுதுறை மாவட்டம். அதன் கடற்கரை வடக்கே கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றிலிருந்து, திருமுல்லைவாசல், பூம்புகார், வானகிரி, சின்னங்குடி, தரங்கம்பாடி எனத் தெற்கே சந்திரப்பாடி வரை நீள்கிறது. இங்கு வாழும் மீனவ மக்களுக்குக் கடற்கரையே களமும் முற்றமும் ஆகும். வலை உலர்த்துவதும் மீன் காயவைப்பதும் பிள்ளைகள் விளையாடுவதும் அம்மணலில்தான். அங்கே புதைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டு வெறுங்காலுடன் நடக்கும் சிறுவனின் பாதத்தைக் கிழிக்கிறது. கடலில் இழுக்கப்படும் வலையில் மீனோடு நெகிழியும் ஏறும்போது, அதனைப் பிரித்தெடுப்பதில் மீனவரின் உழைப்பும் நேரமும் வீணாகின்றன.

நெகிழி மட்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் உடைந்து சிறிதாகிக்கொண்டே போகிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளை நுண்நெகிழி என்பர். அந்த நிலையை அடைந்தபின் அதனைக் கையால் பொறுக்கி எடுக்க இயலாது. அது மணலோடு மணலாகக் கலந்து, சிற்றுயிர்கள் வழியாக மீனின் உடலுக்குள்ளும் செல்கிறது. எனவே, முழுப்பொருளாகக் கிடக்கும்போதே குப்பையை அகற்றுவது கடற்கரைத் தூய்மைப் பணியின் முதற்பயன் ஆகும்.

கடலில் தொலைந்த வலைகள் மற்றொரு கேடு. வலைத்த மனிதன் இல்லாத நிலையிலும் அவை மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கின்றன. ஆகவே அவற்றைப் ‘பேய்வலைகள்’ என்று குறிப்பிடுகின்றனர். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. படகும் வலையும் கரையில் சீரமைக்கப்படும் அந்நாள்களில் கழிவு வலைத்துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால், அவை கடலுக்குள் செல்வதைப் பெரிதும் தடுக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் சனவரி முதல் சில மாதங்கள் தமிழகக் கடற்கரைக்கு இரவில் வந்து மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. ஓர் ஆமை ஒருமுறையில் ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். அவை பொரிய 45 முதல் 60 நாள்கள் வரை ஆகும். மயிலாடுதுறை மாவட்டத்தின் கூழையார் போன்ற கடலோர ஊர்களில் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். கடலில் மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் எனக் கருதி ஆமைகள் விழுங்கிவிடுவதுண்டு.

இரு அலுவலர் தொடங்கிய பணி

செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசாணையாலோ பெரும் மாநாட்டாலோ தொடங்கியதன்று இந்நாள். ஒரே நிறுவனத்தில் பணியாற்றிய இருவரின் முயற்சியில் தொடங்கியது.

லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா ஆகிய இருவரும் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பொன்றில் பணிபுரிந்தவர்கள். அவ்வமைப்பு பின்னர் ஓஷன் கன்சர்வன்சி எனப் பெயர்பெற்றது. டெக்சாஸ் மாநிலக் கடற்கரையில் குவிந்திருந்த குப்பையைக் கண்டு வருந்திய அவ்விருவரும், 1986 செப்டம்பரில் ஒரு தூய்மைப் பணிக்கு அழைப்பு விடுத்தனர். 2,800 தன்னார்வலர்கள் திரண்டனர். அவர்களிடம் சாக்குப் பையோடு ஓர் அட்டையும் தரப்பட்டது. எடுத்த ஒவ்வொரு பொருளையும் இன்னதென அதில் குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த அட்டையே அப்பணியை மற்ற துப்புரவுப் பணிகளிலிருந்து வேறுபடுத்தியது. குப்பையை அள்ளிவிட்டால் கரை ஒருநாள் தூய்மையாகும். எண்ணி எழுதினால் குப்பை எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படும். கப்பல்களிலிருந்து வீசப்பட்ட பொருள்கள் எவ்வளவு, கரையில் உண்டு களித்தவர் விட்டுச் சென்றவை எவ்வளவு என்பவை அக்கணக்கால் தெரியவந்தன. கப்பல்கள் எக்கடலிலும் நெகிழியைக் கொட்டக் கூடாது என்னும் பன்னாட்டு விதி 1988 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்கு ஆதரவு திரட்டுவதற்குக் கடற்கரைக் கணக்குகளும் துணைநின்றன. உலகக் கடற்கரைகளில் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றவை சிகரெட் துண்டுகள் என்பதும், அவற்றின் வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழியாலானது என்பதும் இத்தகைய கணக்குகளால் பரவலாக அறியப்பட்ட உண்மைகள்.

புலிச்சின்னம் பொறித்துப் பண்டங்களைக் காத்த புகார்க் கரைக்குக் கணக்கு புதிதன்று. அன்றைய கணக்கு வணிகத்துக்காக எடுக்கப்பட்டது. இன்றைக்கு வேண்டிய கணக்கு கரையின் நலத்துக்கானது.

நம் நாட்டின் சான்றுகள்

இந்தியாவில் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளை இந்தியக் கடலோரக் காவல்படை 2006 முதல் ஒருங்கிணைத்து வருகிறது. 2022 இல் நடுவண் அரசு 75 கடற்கரைகளில் 75 நாள்கள் தூய்மை இயக்கம் ஒன்றை நடத்தியது. அது ஜூலை 5 அன்று தொடங்கி, அவ்வாண்டின் கடற்கரைத் தூய்மை நாளான செப்டம்பர் 17 அன்று நிறைவுற்றது. சென்னையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியாற்றுவோர் பலர் இணைந்துள்ள சென்னை டிரெக்கிங் கிளப், மலையேற்றத்தோடு கடற்கரைத் தூய்மைப் பணியையும் தன் கடமையாகக் கொண்டு பல ஆண்டுகள் செயலாற்றியுள்ளது.

விடாமுயற்சிக்கு மும்பையின் வெர்சோவா கடற்கரை சிறந்த சான்று. 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷாவும் 84 வயதான அவருடைய அண்டைவீட்டாரும் இருவராகவே அங்குக் குப்பை எடுக்கத் தொடங்கினர். வார இறுதிதோறும் பணி தொடர்ந்தது. மக்கள் மெல்லச் சேர்ந்தனர். 2016 இல் ஐக்கிய நாடுகள் அவை அவருக்குப் ‘புவியின் வாகையர்’ விருது வழங்கியது. 2018 மார்ச்சில் அக்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிப்பட்டுக் கடலை நோக்கி ஊர்ந்தன. அதன்பின் அவருடைய குழுவினர் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. நகரின் குப்பையைக் கடலுக்குக் கொண்டுவரும் மிட்டி ஆற்றையும் தூய்மை செய்ய முற்பட்டனர். கரையில் தொடங்கிய பணி ஆற்றின் போக்கை எதிர்த்து மேலேறியது என்பது இங்குக் கருதத்தக்கது.

பணியிடத் தோழமை

கூடி உழைத்துப் பொதுவிடத்தைப் பேணுதல் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலையும் ஏரியையும் தூர்வாரும் முறை குடிமராமத்து எனப்பட்டது. திருநாவுக்கரசர் உழவாரம் என்னும் கருவியைக் கையில் ஏந்திக் கோயில் வளாகங்களில் புல் செதுக்கித் தூய்மை செய்தார். அவர் வழியைப் பின்பற்றி, இன்றும் விடுமுறை நாள்களில் உழவாரப்பணிக்குச் செல்லும் குழுக்கள் தமிழகத்தில் பல உள்ளன. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமே அமைந்திருப்பது, கைம்மாறு கருதாப் பொதுப்பணியைத் தமிழர் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதைக் காட்டும்.

ஒரே பணியிடத்தைச் சேர்ந்தோர் இத்தகைய பணிக்கு வரும்போது சில தனிப்பயன்கள் விளைகின்றன. அலுவலகத்தில் மேலாளர், எழுத்தர், ஓட்டுநர், காவலர் என்னும் படிநிலை உண்டு. மணலில் குனிந்து நிற்கும்போது அனைவர் கையிலும் ஒரே கோணிப்பைதான். பல ஆண்டுகள் அருகருகே அமர்ந்தும் பேசிப் பழகாதோர் ஒரு காலைப்பொழுதில் நெருங்கிவிடுவதுண்டு. நாள்தோறும் இதே வேலையைச் செய்யும் தூய்மைப் பணியாளரின் உழைப்பு எவ்வளவு கடினமானது என்பதும் உடலால் உணரப்படுகிறது.

இவற்றினும் முதன்மையான பயன் ஒன்றுண்டு. கடற்கரையில் தற்செயலாகக் கூடியோர் பணி முடிந்ததும் கலைந்து செல்வர். ஒரே பணியிடத்தார் மறுநாளும் சந்திப்பர். தம் பணியிடத்தின் பழக்கங்களை மாற்றும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 25 பேர் பணியாற்றும் ஓர் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு இருமுறை காகிதக் குவளையில் தேநீர் அருந்துவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 250 வேலைநாள்கள் எனில் 12,500 குவளைகள் குப்பையாகின்றன. அதே 25 பேர் ஒருநாள் காலையில் கடற்கரைக்குச் சென்று ஆளுக்கு 200 பொருள்களை எடுத்தாலும் 5,000 பொருள்களே அகற்றப்படும். அதாவது, அவர்கள் ஒருநாளில் எடுப்பதைவிட ஓராண்டில் எறிவது இரண்டரை மடங்கு மிகுதி. ஆளுக்கொரு எவர்சில்வர் குவளையை அலுவலகத்தில் வைத்துக்கொண்டால் அந்த 12,500 குவளைகளும் உண்டாவதே இல்லை.

பணி செய்யும் முறை

நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையும் வேண்டும். முதலில், பணி நடக்கும் ஊரின் உள்ளாட்சி அமைப்பிடமும் மீனவர் பஞ்சாயத்தாரிடமும் தெரிவித்தல் இன்றியமையாதது. எந்த வலை கழிவு, எது உலர வைக்கப்பட்டது என்பதை அவ்வூராரே அறிவர். சேரும் குப்பையை எங்கே ஒப்படைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கரையோரத்தில் குவித்துவிட்டு வந்தால் அடுத்த காற்றில் அது மீண்டும் கடலுக்கே செல்லும். எரிப்பதும் மணலில் புதைப்பதும் கூடா.

வெயில் ஏறுமுன் பணியைத் தொடங்கி முடித்தல் நலம். தடித்த கையுறையும் காலணியும் தேவை. மருத்துவ ஊசி போன்றவற்றைத் தொடாமல் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். நால்வர் கொண்ட குழுவில் மூவர் எடுக்க, ஒருவர் எண்ணி எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் கழிவை மட்கும் கழிவு, மட்காத கழிவு, தீங்குதரும் கழிவு எனப் பிரிக்க வேண்டும் என்றன. கரையிலேயே இவ்வாறு பிரித்துவிட்டால் மறுசுழற்சி எளிதாகும்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கடற்பாசியும் சங்கும் கிளிஞ்சலும் குப்பைகள் அல்ல. நெய்தல் நிலத்துக்குரியதாகச் சங்கப் புலவர் பாடிய அடும்பங்கொடியும், இராவணன் மீசை எனப்படும் புல்லும் மணலைப் பிணைத்து மேடுகளைக் காப்பவை. தூய்மை என்னும் பெயரில் அவற்றைப் பிடுங்கினால் மணல்மேடு சரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட இக்கரையில் மணல்மேட்டின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் மணலை ஆழக் கிளறுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

தூய்மைப் பணியே குப்பைக்குக் காரணமாகிவிடவும் கூடாது. நெகிழிப் பதாகை, ஒருமுறை அணியும் தொப்பி, தண்ணீர்ப் புட்டி, உறையிட்ட சிற்றுண்டி ஆகியவற்றோடு நடத்தப்படும் பணி, நிழற்படத்தில் அழகாக அமையலாம்; கரைக்கு அதனால் சுமையே மிகும். வாழையிலைக்குப் பஞ்சமில்லாத காவிரிப் படுகையில் சிற்றுண்டிக்கு நெகிழித் தட்டு எதற்கு?

கடைமடையிலிருந்து தலைமடைக்கு

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. நெகிழிப் பைகளோடு, நெகிழிப் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் அத்தடைக்குள் அடங்கும். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. சட்டம் இருந்தும் கரையில் குப்பை குறையவில்லையெனில், சட்டத்துக்கும் அன்றாடப் பழக்கத்துக்கும் இடையே இன்னும் தொலைவு இருக்கிறது என்றே பொருள். அத்தொலைவைக் குறைக்க வல்லவர்கள் கடைக்காரர், அலுவலர், ஆசிரியர், மாணவர், வழிபாட்டுக்கு வருவோர் எனப் பலர்.

மயிலாடுதுறை நகரிலிருந்து பூம்புகார் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரத்து அலுவலகத்தினர் ஒருநாள் அங்குச் சென்று குப்பை எடுத்துத் திரும்புகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் எழுதிவந்த கணக்கில் தேநீர்க் குவளைகள் மிகுந்திருந்தால் அலுவலகத் தேநீர் முறை மாறலாம். உணவுப் பொட்டலத்தின் நெகிழித்தாள்கள் மிகுந்திருந்தால் அடுக்குப் பாத்திரமும் வாழையிலையும் திரும்பி வரலாம். பூசைப் பொருள்களின் பைகள் மிகுந்திருந்தால் படித்துறையில் ஒரு சேகரிப்புக் கூடை வைக்குமாறு நகராட்சியை வேண்டலாம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் எண்ணும்போது, எது குறைந்தது, எது கூடியது என்பது தெரியவரும். அந்த இரண்டாம் கணக்குதான் முதல் உழைப்பின் மதிப்பைச் சொல்லும்.

நீர்ப்பாசனத்தில் தலைமடைக்காரர் தம் தேவைக்குமேல் நீரைத் தேக்கிக்கொண்டால் கடைமடைக்காரரின் வயல் காயும். ஆதலால் தலைமடைக்காரர் கடைமடையை நினைக்க வேண்டும் என்பது காவிரிப் படுகையின் எழுதப்படாத அறம். நீருக்கு உரிய அந்த அறம் குப்பைக்கும் உரியது. ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே ஒரு கரை இருப்பதையும், அக்கரையில் வெறுங்காலுடன் பிள்ளைகள் ஓடுவதையும், மணலுக்கடியில் முட்டைகள் பொரியக் காத்திருப்பதையும் நினைக்குமாயின், கோணிப்பையுடன் கடற்கரைக்குச் செல்வோரின் சுமை ஆண்டுக்காண்டு குறையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு வாரம் சேரும் குப்பையை வகைப்படுத்தி எண்ணிப் பட்டியலிடுக. முதலிடம் பெறும் பொருளைக் குறைக்கும் வழிகளை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரின் வாய்க்கால் அல்லது ஆறு எந்தெந்த ஊர்களைக் கடந்து எங்குக் கடலைச் சேர்கிறது என்பதை வரைபடமாக வரைக.